இருபத்துநாலு மூடி

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கையில் வேலை இருந்தால் செய்துகொண்டே கேளுங்கள், காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தால் போதும். இன்றைக்கு ஒரு பேட்டரி வண்டிக்காரியின் கதை சொல்லப் போகிறேன். ராஜா கிடையாது, ராணி கிடையாது. ஒரு பாலம் இருக்கிறது, இருபத்துநாலு மூடி இருக்கிறது, நாற்பது நாள் கெடு இருக்கிறது. கேட்டு முடித்து எழுந்து போகும்போது உங்கள் வீட்டு வண்டியை ஒரு தடவை குனிந்து பார்க்காமல் போகமாட்டீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். அதுவரை நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். புருஷன் தையல்காரர், வீட்டிலேயே மெஷின் போட்டிருந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து மூன்று சக்கர பேட்டரி வண்டி ஒன்று வாங்கினார்கள். அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். நடக்கச் சிரமப்படும் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைகளை ஏற்றி வந்து இறக்குகிற வேலை அவளுக்குக் கிடைத்தது. காலையில் இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை. ஒரு நடைக்கு நாலு பிள்ளைகள், மடக்கிக் கட்டிய அவர்களுடைய சக்கர நாற்காலிகள். நடுவில் ரயில் பாதைக்கு மேலே போகிற ஒரு பாலம்.

வண்டி வாங்கி ஒரு வருஷம் முடியவில்லை. அதற்குள் பேட்டரிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. விடுமுறைக்கு முந்தின நாள், சாயங்கால நடையில், பாலத்தின் ஏழாவது விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றேவிட்டது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அவள் இறங்கித் தள்ளப் போனாள். அப்போது உள்ளே இருந்த இரட்டைச் சடைக்காரப் பெண் தலையை வெளியே நீட்டி, "அத்தை, நான் வேணா இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்டாள்.

எழுந்து நிற்கக்கூட முடியாத பிள்ளை அது. மற்ற மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தன. இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தள்ளினாள், வழியில் போன இரண்டு பேர் கைகொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. பிறகு ரொம்ப நேரம் குழாயை மூடாமல் நின்றாள்.

மறுநாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். கோபப்பட்டிருந்தால் தேவலை, அவர் நிதானமாகப் பேசினார். பிள்ளைகளை நடுப்பாலத்தில் நிறுத்துகிற வண்டியை வைத்துக்கொள்ள முடியாது என்றார். பள்ளி திறக்க நாற்பது நாள் இருக்கிறது, திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வண்டியைக் கொண்டுவர வேண்டும், பிள்ளைகளின் கனத்துக்குச் சமமாக ஏற்றிக்கொண்டு காலை இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை ஓட்டிக் காட்ட வேண்டும், எங்கேயாவது நின்றால் பெட்ரோல் வேனுக்குச் சொல்லிவிடுவேன் என்றார். சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அந்த நடை போனால் வண்டிக்கு வேறு நிரந்தர வேலை இல்லை. புது பேட்டரி நாலு வாங்க வீட்டில் வழியும் இல்லை. திரும்பவும் பாத்திரம்தான். கொழுந்தனும் ஊர் வண்டி ஸ்டாண்டில் பேட்டரி வண்டி ஓட்டுகிறவன். அன்றைக்கே வீட்டுக்கு வந்து, வண்டியைத் தனக்கே கொடுத்துவிடச் சொன்னான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். அண்ணி கஷ்டப்படுகிறாளே என்றுதான் சொன்னான். அவள் முறத்தில் தானியம் புடைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"விக்கிறதா இருந்தா விக்கிறேன் தம்பி. பாலத்துக்கு அந்தாண்ட போய் நின்னுக்கிட்டு விக்கிறேன்."

கடைத்தெருக் கோடியில் பேட்டரிக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய சட்டை எதை எடுத்தாலும் ஆசிட் தெறித்து சல்லடையாக இருக்கும், அதனால் ஓட்டைச் சட்டை என்று பெயர். அவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். நாலு பேட்டரி, ஒவ்வொன்றிலும் ஆறு அறை, அறைக்கு ஒரு மூடி. இருபத்துநாலு மூடியையும் அவர் திறந்தார். சில அறைகளில் தண்ணீர் வற்றி உள்ளே இருக்கிற ஈயத் தகடு, பிளேட் என்பார்களே, அது வெளியே தெரிந்தது. கம்பி மாட்டுகிற முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. ஓட்டைச் சட்டை மூக்கைச் சுளித்து, என்ன தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்டார்.

அவளுக்கு அங்கே மட்டும் கொஞ்சம் பெருமை. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுகிற ஆள் அவள் இல்லை. தளதளவென்று கொதிக்கவைத்து, ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, வாரா வாரம் கழுத்து வரைக்கும் ஊற்றியதைச் சொன்னாள். கைக்குழந்தைக்குக்கூட யாரும் இப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள் என்றாள்.

ஓட்டைச் சட்டை முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"ஏம்மா, பேட்டரிக்கு என்ன பேதியா வரப்போவுது?"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. கொதித்துக் கொதித்துத் தண்ணீர் குறையக் குறைய மிச்சத்தில் உப்புதான் கூடும். அந்த உப்புதான் பிளேட்டைத் தின்கிறது. பேட்டரித் தண்ணீர் என்று கடையில் தனியாக விற்கிறார்களே, அதுவும் கொதிக்கவைத்ததுதானே என்று அவள் விடாமல் கேட்டாள். அவர் அதற்குச் சொன்ன பதில் அவளுக்கு ஆயுசுக்கும் மறக்கவில்லை.

"கொதிச்சதுதான். நீ சட்டியில மிஞ்சினத ஊத்தின. அவங்க மூடியில ஒட்டுற ஆவியப் பிடிச்சி ஊத்துறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவ்வளவுதான் வித்தியாசம்! வெந்நீர் போட்டு வெந்நீர் போட்டு, அன்பாகப் பார்த்துப் பார்த்து, தன் கையாலேயே அதைக் கெடுத்திருக்கிறாள். அன்பு மட்டும் இருந்தால் போதாது கண்ணுகளா, எதற்கு எது ஆகும் என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும். வேறு யாராவது இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி அண்ணே, இனிமேல் என்ன செய்யவேண்டும், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். போனது போனதுதான், இதைப் புதுசாக்க யாராலும் முடியாது, மிச்சமிருக்கிற உயிரை வேண்டுமானால் காப்பாற்றலாம் என்றார் அவர். மிச்சத்தை வைத்துத்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்றாள் அவள்.

அவர் சொல்லச் சொல்ல அவளுக்கு ஒவ்வொன்றும் சுருக்கென்றது. முதலிலேயே கழுத்து வரை ஊற்றிவிட்டு சார்ஜ் போட்டால் பொங்கி வழியும், வழிகிறதில் ஆசிட்டும் சேர்ந்து போகும். பிளேட் மூழ்குகிற அளவுக்கு மட்டும் ஊற்றிச் சார்ஜ் போட்டு, நிறைந்து ஆறிய பிறகுதான் கோடு வரைக்கும் நிரப்பவேண்டும். அவள் செய்தது எல்லாம் தலைகீழ். ஓடி வந்த சூட்டோடு சார்ஜில் மாட்டக்கூடாது. அவள் வந்ததும் வராததுமாக மாட்டுகிறவள். சார்ஜ் ஏறும்போது கிளம்புகிற வாயு தீப்பிடிக்கும், காற்றோட்டமான இடத்தில்தான் போடவேண்டும். அவள் சமையலறை ஓரத்தில், கதவைச் சாத்திவிட்டு, அடுப்புக்கு நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டதும் ஓட்டைச் சட்டைக்கு இருந்த சிரிப்பும் போய்விட்டது. விடுமுறை என்று சார்ஜ் இல்லாமல் நாற்பது நாள் நிறுத்தி வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்றும் சொன்னார். கடைசியாக டயரைக் காலால் ஒரு உதை உதைத்தார். காத்து இல்லாத டயர வச்சிக்கிட்டு பேட்டரியத் திட்டுறியே தாயே, என்றார்.

அறைக்குள்ளே இருக்கிற ஆசிட்டின் கனத்தை அளக்கிற கண்ணாடிக் குழாய் ஒன்று அவரிடம் இருந்தது. உறிஞ்சினால் உள்ளே ஒரு மிதவை எழும்பும். சிவப்பில் நின்றால் காலி, வெள்ளையில் நின்றால் பாதி, பச்சையில் நின்றால் நிறைவு. அதைக் கடனாகக் கேட்டாள். தினம் காலையில் எடுத்துக்கொண்டு போகலாம், கடை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வந்துவிடவேண்டும் என்று அவர் ஒப்புக்கொண்டார். உடைத்துவிட்டால் வண்டியோடு சேர்த்து உன்னையும் கடையில் கட்டிப்போடுவேன் என்று ஒரு மிரட்டலும் கூடவே வந்தது.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அதிலிருந்து அவளுக்குப் பெயர் சுடுதண்ணி.

சார்ஜரை வெளியே மாடிப்படிக்குக் கீழே கொண்டுவந்து மாட்டினாள். மூன்று பக்கமும் காற்று வந்து போகிற இடம். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கம்பி முனைகளைத் தேய்த்தாள். நுரைத்துக்கொண்டு வந்தது. துடைத்து, காயவைத்து, இறுக்கி முடுக்கி, கிரீஸ் தடவினாள். டயருக்குக் காற்று அடித்து, வற்றிய அறைகளில் கடையில் வாங்கிய பேட்டரித் தண்ணீரைப் பிளேட் மூழ்குகிற அளவுக்கு மட்டும் ஊற்றினாள். தையல்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பதினெட்டு வருஷத்தில் என் முதுகை இப்படி ஒருநாள் தேய்த்துவிட்டிருக்கிறாயா என்றார். உங்க முதுகு பாலம் ஏறுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் உள்ளே போய், தன் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றையும் பழைய மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வந்து கொடுத்தார். ஆசிட் தெறிக்காமல் கண்ணைப் பொத்தி வைத்துக்கொள் என்றார். நாள் போகப் போக அந்தச் சட்டையிலும் ஓட்டை விழுந்தது. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு நிறத்தில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். ஒரு மாதத்தில் அது பூந்தோட்டம் மாதிரி ஆகிவிட்டது.

மாடிப்படிச் சுவரில் சாக்கட்டியால் இருபத்துநாலு கட்டம் போட்டாள். தினம் காலையில் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, குழாயில் உறிஞ்சிப் பார்த்து, மிதவை நின்ற நிறத்துச் சாக்கட்டியால் கட்டத்தில் குறி வைத்தாள். முதல் நாள் சுவர் முழுக்கச் சிவப்பு. அவள் அழித்துவிட்டு மறுநாளும் எழுதினாள்.

ஆனால் வண்டி சும்மா நின்றால் ஆகாதே. ஸ்டாண்டுக்குப் போய்ச் சவாரி ஓட்டினாள். அங்கேதான் பெரிய தொல்லை. அந்த ஸ்டாண்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரே சார்ஜில் எத்தனை நடை ஓட்டினேன் என்பதுதான் அங்கே மீசையை முறுக்குகிற விஷயம். வண்டி இழுத்து இழுத்து நிற்கிற வரைக்கும் ஓட்டுவார்கள், பிறகு ராத்திரி போடுவார்கள். நடுப்பகலில் சார்ஜ் போட்டால் மானம் போய்விடும். இவளோ, பாதி தீர்ந்ததும் போடு, கடைசி வரைக்கும் உறிஞ்சாதே என்று ஓட்டைச் சட்டை சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மதியம் பன்னிரண்டு அடித்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அரை மணி ஆறவைத்து, பிறகு மாட்டினாள்.

"என்ன அண்ணி, புள்ளைய தொட்டில்ல போடுற நேரமாயிடுச்சா?" என்று கொழுந்தனே எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"ஆமா தம்பி. தாலாட்டுப் பாட ஆளில்ல, நீ வர்றியா?"

ஸ்டாண்டு சிரித்தது. அவளும் சிரித்துவிட்டுப் போனாள். ஆனால் ஒருநாள்கூட நேரம் தவறவில்லை. வாரத்தில் ஒருநாள், நிறைந்த பிறகும் மெதுவான சார்ஜில் இரண்டு மணி நேரம் கூடுதலாக விட்டு, அறைகள் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரப் பார்த்தாள். மூன்றாவது வாரத்தில் சுவரில் வெள்ளை கூடியது. நாலாவது வாரத்தில் பச்சை எட்டிப் பார்த்தது. ஒரு கட்டத்தைத் தவிர.

பதினேழாவது மூடி. மூன்றாவது பேட்டரியில் ஐந்தாவது அறை. மிதவை சிவப்பைவிட்டு எழுந்திருக்கமாட்டேன் என்றது. ஓட்டைச் சட்டை வந்து பார்த்துவிட்டு, இது ஒன்றே மற்ற இருபத்துமூன்றையும் கீழே இழுத்துவிடும் என்றார். மாற்றுவதென்றால் முழு பேட்டரியை மாற்றவேண்டும், அதுவும் பழசோடு புதுசு சேர்ந்தால் சரிப்படாது, பேசாமல் விட்டுவிடு தங்கச்சி என்றார். அவள் கேட்கவில்லை. அந்த ஒரு பேட்டரியை மட்டும் கழற்றி அவர் கடைக்கே சுமந்து வந்தாள். கடையிலிருந்த சின்ன சார்ஜரில், எறும்பு ஊர்கிற மாதிரி மெதுவாக, இரண்டு நாள் ஏற்றச் சொன்னாள். பகல் முழுக்க அவளும் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். சூடு ஏறுகிறதா என்று பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், ஏறினால் நிறுத்துவாள், ஆறினால் போடுவாள். இரண்டாம் நாள் சாயங்காலம் மிதவை மெல்ல எழுந்து வெள்ளையின் அடிக்கோட்டைத் தொட்டது. அதற்கு மேல் அசையவில்லை. பச்சைக்கு அது வரவே இல்லை, கண்ணுகளா. பொய் சொல்லிக் கதையை இனிப்பாக்க எனக்குத் தெரியாது.

சோதனைக்கு முதல் நாள் கொழுந்தன் வந்தான். குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னான். இப்போது வண்டி இருக்கிற இருப்பில் நாலு நடையும் ஒரே சார்ஜில் ஓட்டிவிடலாம், எப்படியாவது இழுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதனால் பள்ளிக்கூடத்தில் சார்ஜ் பற்றி வாயே திறக்காதே, பகலில் பிளக் கேட்டால் வண்டி நோஞ்சான் என்று அவர்களே தெரிந்துகொள்வார்கள், நடை போய்விடும் என்றான். தையல்காரரும் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, அவன் சொல்றதும் சரிதானே என்றார்.

அவளுக்கும் அது தெரியும். ஒருநாள் இழுத்துவிடலாம். இழுத்தால் பதினேழு செத்துவிடும். பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ மறுபடியும் ஏழாவது கம்பம், மறுபடியும் அந்தப் பிள்ளையின் கேள்வி. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் காலையில் எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது.

வண்டியில் மணல் மூட்டைகளை ஏற்றினாள், தையல்காரரும் ஏறினார். தலைமை ஆசிரியை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என் கனம் ரெண்டு பிள்ளைக்குச் சமம், நீங்க வேற கணக்குப் போடாதீங்க, என்று அவரே சொல்லிக்கொண்டு ஏறினார். காலை இரண்டு நடையும் ஓடின. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியதும் அவள் இறங்கி நேராக அவர் முன்னால் போய் நின்றாள். தினமும் காலை நடை முடிந்ததும், சாயங்கால நடை வரைக்கும் இங்கே வராந்தாவில் வண்டிக்குச் சார்ஜ் போட ஒரு பிளக் வேண்டும் என்றாள்.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ பலவீனமான வண்டின்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

தையல்காரர் வானத்தைப் பார்த்தார்.

"பலவீனமான வண்டிதான் டீச்சர். பதினேழாவது மூடி பலவீனம். அது எனக்குத் தெரியும். தெரியாம இருந்தப்பதான் பாலத்துல நின்னுச்சு."

தலைமை ஆசிரியை கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு அவர் அந்த மூடியைக் காட்டச் சொன்னார். அவள் இருக்கையைத் தூக்கினாள். முனைகள் துடைத்துப் பளிச்சென்று இருந்தன, ஒரு பொட்டுக்கூடப் பூத்திருக்கவில்லை. ஒவ்வொரு மூடிக்கும் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் எண் போட்டிருந்தாள். கெடுத்தது தன் சுடுதண்ணிதான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் நன்றாகக் குனிந்து பார்த்தார். கடைசியில், முதல்ல சாயங்காலம் பாலம் ஏறட்டும், என்று மட்டும் சொல்லிவிட்டு, வராந்தாவில் இருந்த பிளக்கைக் கையால் காட்டினார். அவள் அவசரப்படவில்லை. அரை மணி நேரம் ஆறவைத்த பிறகுதான் மாட்டினாள்.

சாயங்காலம் கடைசி நடை. பாலத்தின் அடிக்கு வந்தபோது மீட்டரில் மூன்று கட்டம் எரிந்தது. ஏற ஏற ஒரு கட்டம் மினுக்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் அவள் அந்த இடத்தில் பதறிப்போய் ஆக்ஸிலேட்டரை முறுக்குவாள், முறுக்க முறுக்க பேட்டரி படுத்துவிடும். இந்தத் தடவை கை இம்மியும் கூடவில்லை. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அடித்துக்கொள் என்று விட்டாள். தையல்காரர் வாய்க்குள்ளேயே கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தார். ஐந்து, ஆறு. ஏழு வந்ததும் எண்ணுவதை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். தலைமை ஆசிரியை கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எட்டு" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று பேருமாகச் சேர்ந்தே எண்ணினார்கள். பதினொன்றாவது கம்பத்தில் பாலம் சரிவாகி, வண்டி தன்பாட்டில் இறங்கியது.

இறக்கிவிட்டபோது தலைமை ஆசிரியை புடவையைச் சரிசெய்துகொண்டு, நாளை மறுநாள் ஏழேகாலுக்கு முதல் பிள்ளை வாசலில் இருக்கும் என்றார். அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்தில் யாரோ காபி கொண்டுவந்தார்கள், யாரோ கட்டிப்பிடித்தார்கள். அவளோ, முதல்ல ஆறட்டும், என்று வண்டியை நிழலில் தள்ளி நிறுத்திவிட்டு முழுக்கைச் சட்டையைத் தேடினாள்.

கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் வந்தான். கையில் ஒரு கேன். அதை அவள் காலடியில் வைத்துவிட்டு, சுவரில் இருந்த கட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பேட்டரித் தண்ணி அண்ணி. நல்லா கொதிக்கவச்சித்தான் கொண்டாந்திருக்கேன்."

"சட்டித் தண்ணியா, மூடித் தண்ணியா?"

"மூடித் தண்ணி."

அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, தன் வண்டியிலும் ஒரு தரம் குழாயை விட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டான். காலையில குழாய் விட்டுப் பாத்துடலாம், நடுப்பகல்ல வண்டியக் கொண்டா, தொட்டில்ல இடம் இருக்கு, என்றாள் அவள்.

பள்ளி திறந்த அன்றைக்கு இரட்டைச் சடைக்காரப் பெண் இரண்டு கையிலும் அப்பாவின் பெரிய கையுறையை மாட்டிக்கொண்டு ஏறினாள். எதற்கு என்று கேட்டதற்கு, தள்ளும்போது கை வலிக்கக் கூடாதே என்றாள். பாலத்தில் ஏழாவது கம்பம் வந்தது, எட்டாவது வந்தது, பதினொன்றாவதும் போய்விட்டது. பிள்ளைக்கு ஒரே ஏமாற்றம்.

"அத்தை, இனிமே வண்டி நிக்கவே நிக்காதா?"

"நிக்கும் கண்ணு. பள்ளிக்கூட வாசல்ல நிக்கும்."

கேட்டுக்கொண்டிருந்த என் செல்வங்களே, உங்கள் வீட்டில் ஓடுகிறதெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். களைத்து வருகிறவர்களுக்கு ஆற ஒரு நிழலும், நிறைந்துகொள்ள ஒரு நேரமும் உங்கள் வாசலில் எப்போதும் இருக்கட்டும். உங்கள் குடும்பத்திலும் ஒரு பதினேழாவது மூடி இருக்கும், இல்லாத வீடு ஏது? அதையும் சேர்த்துக்கொண்டே நீங்கள் ஏறவேண்டிய மேடெல்லாம் ஏறி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாரும் வீடு வந்து சேருங்கள். நன்றாக இருங்கள்.